என் நோய்க்கு அக்கா போனாள்

எங்கள் வீட்டில் அத்தானுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். வைத்தவள் நான்தான். அக்காவைக் கட்டிக்கொண்ட அந்த மனிதருக்கு ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, குப்பியில் பெயர் ஒட்டுவது, மிஷினில் ஏற்றுவது, அவ்வளவுதான் உத்தியோகம். வாயைத் திறந்தால் மட்டும் மருத்துவக் கல்லூரியே அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். தும்மினால் ஒரு விளக்கம், விக்கினால் ஒரு விளக்கம். அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ரிசல்ட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். அவரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, 'ம்ம்ம்' என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, இன்ன வியாதி என்று சொல்லிவிடுவார். பாதி சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் எங்களைக் கெடுத்தது.

நான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது புருஷனோடு ஒத்துவராமல் போன பிறகு. ஒரு பெட்டியோடு வாசலில் நின்றேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. "உள்ள வா, முதல்ல சாப்பிடு" என்றாள். தையல் மிஷின் போட்டிருந்த சின்ன அறையைக் காலி பண்ணிக் கொடுத்தாள். நல்லவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வாய் வராது.

முதலில் படுத்தது அவள்தான். காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் மடங்காது. கன்னம் இரண்டிலும் யாரோ அறைந்த மாதிரி சிவப்பு. விட்டுவிட்டுக் காய்ச்சல். தோல் டாக்டர், பல் டாக்டர், பக்கத்துத் தெரு டாக்டர் என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த மூட்டு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாள். அந்த ஊருக்கே அவர் ஒருவர்தான். புது நோயாளி என்றால் அரை வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் முறைப்படி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தது. லூபஸ் என்கிற வியாதி என்றார். ஸ்டீராய்டு மாத்திரையும் இன்னும் இரண்டும் எழுதிக் கொடுத்தார். அக்கா மெல்ல எழுந்து நடமாட ஆரம்பித்தாள்.

அத்தானுக்கு அந்த ஆன்டிபாடி ஒரு கொண்டாட்டமாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் அதே பேச்சு. "நம்ம உடம்பைக் காப்பாத்த வேண்டியது நம்ம உடம்பையே அடிக்குது, புரியுதா?" என்பார். "புரியுது அத்தான், இந்த வீட்ல அதுல என்ன அதிசயம்" என்பேன். அக்கா சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நான் வேலை பார்த்தது ஒரு பூங்கொத்துக் கடையில். வாசலில் நிற்கிறவர்களுக்கு ரோஜாவும் ரிப்பனும்தான் கண்ணில் படும். பின்னால் இருக்கிற குளிர் அறை தெரியாது. என் பொழுதெல்லாம் அங்கேதான். வாளித் தண்ணீரில் கையை விட்டுக் காம்பைச் சாய்வாக வெட்ட வேண்டும், அடி இலையை உருவ வேண்டும், முள்ளைச் சீவ வேண்டும், கம்பி சுற்ற வேண்டும். கல்யாணத்துக்கும் அதே ரோஜா, சாவுக்கும் அதே ரோஜா, கட்டுகிற வடிவம்தான் வேறு. என் கை அதில் கெட்டிக்காரக் கை. மலர்வளையம் என்றால் முதலாளியம்மா வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள்.

அந்தக் கைதான் ஒரு நாள் சுண்ணாம்பாக வெளுத்தது. நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து பாதி வரை வெள்ளை வெளேரென்று, பிணத்தின் விரல் மாதிரி. பிறகு நீலமாயிற்று. பிறகு சிவந்து, உயிர் போகிற எரிச்சல். கூட வேலை செய்கிற பெண்கள் "ஐயோ, பேய்க்கை!" என்று கத்தினார்கள். குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் வந்தது. நாளாக நாளாக விரல் தடித்தது. தோல் பளபளவென்று, எலும்பின் மேல் இழுத்துக் கட்டிய மாதிரி ஆனது. சாப்பிட்டது நெஞ்சில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தள்ளினேன்.

அக்காவிடம் காட்டினேன். அவள் முகம் மாறியது. அத்தானைக் கூப்பிட்டாள்.

அத்தான் அன்று மாலையே பரிசோதனைக் கூடத்திலிருந்து குப்பியும் ஊசியும் கொண்டுவந்துவிட்டார். அடுப்படி மேஜையில் என் கையை நீட்டி வைத்து ரத்தம் எடுத்தார். எடுப்பதில் கெட்டிக்காரர்தான், வலித்ததே தெரியவில்லை. ஆனால் அந்தப் பரிசோதனையை டாக்டர் கேட்காமல் செய்ய முடியாதாம். அக்காவுக்குத்தான் டாக்டர் அவ்வப்போது பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறாரே! ஆகவே என் குப்பியில் அக்கா பெயரை ஒட்டிக்கொண்டு போனார். என் ரத்தத்துக்கு என் பெயர்கூடக் கிடைக்கவில்லை பாருங்கள்.

ரிசல்ட் வந்த அன்று வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். "நான் சொன்னேன்ல! அதே ஆன்டிபாடி! அச்சு அசல் அதேதான்!"

"அப்போ இவளையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்" என்றாள் அக்கா.

"எதுக்கு? அரை வருஷம் காத்திருந்து, அவர் என்ன புதுசா சொல்லப் போறார்? ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே ஆன்டிபாடி. ஒரே வியாதி. ஒரே மாத்திரை. இதுக்கு எதுக்கு ரெண்டு சீட்டு? நீ அடுத்த வாட்டி போறப்ப இவளோடதையும் சேர்த்துச் சொல்லிட்டு வந்துடு."

"அவ கஷ்டத்தை நான் எப்படிச் சொல்றது? யாரு அந்தப் பொண்ணுன்னு கேட்பாரே?"

"அவளுக்குன்னு ஏன் சொல்றே? உனக்குன்னு சொல்லு."

நானும்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். கடையில் அது சீசன். விரல் சரியில்லை என்று லீவு கேட்டால் முதலாளியம்மா மலர்வளையத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவாள். அரை வருஷம் காத்திருப்பதைவிட அடுத்த வாரமே மாத்திரை கைக்கு வந்தால் நல்லதுதானே என்று பட்டது. தவிர, அண்டிப் பிழைக்கிற வீட்டில் எதிர்த்துப் பேச எங்கே நாக்கு வரும்?

அப்புறம் நடந்தது கூத்து. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மூவரும் மேஜையைச் சுற்றி உட்காருவோம். அத்தான் வாத்தியார். அக்கா மாணவி. நான் பாடப் புத்தகம். "விரல் எப்படி வெளுக்குதுன்னு சொல்லு" என்பார். நான் சொல்வேன். அக்கா திருப்பிச் சொல்வாள். "வெளுத்து, அப்புறம் சிவந்து..." என்று ஆரம்பித்தால், "நடுவுல நீலத்தை விட்டுட்டியே!" என்று அதட்டுவார். நெஞ்சில் சாப்பாடு நிற்பதை எங்கே கை வைத்துக் காட்ட வேண்டும் என்றுகூட ஒத்திகை. அக்காவுக்கு முதலில் சிரிப்பு தாங்கவில்லை. போகப் போகக் கைவந்துவிட்டது. என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

டாக்டருக்கு அக்காவைப் பிடித்துப்போயிற்று. பின்னே? மூட்டு வலியும் முகச் சிவப்பும் ஒரு வியாதி. விரல் வெளுப்பதும் நெஞ்சில் அடைப்பதும் இன்னொரு வியாதியின் ஆரம்பம். இரண்டும் ஒரே உடம்பில், அதே ஆன்டிபாடியோடு! மாணவர்களை அழைத்துவந்து அவளைச் சுற்றி நிறுத்தினாராம். "இவங்க எவ்வளவு தெளிவா சொல்றாங்க பாருங்க" என்று பாராட்டினாராம். அக்கா வீட்டுக்கு வந்து, "என் கேஸ் ரொம்ப அபூர்வமாம்டி, ரெண்டு வியாதி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதாம்" என்றாள். முகத்தில் ஒரு பெருமை. என் விரலுக்கு அவளுக்குக் கைதட்டல்! எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மாத்திரை டப்பாவை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். அத்தானுக்குத் தெரிந்த மருந்துக் கடைக்காரன் எல்லாவற்றையும் இரட்டையாகக் கொடுத்துவிடுவான்.

மாத்திரையில் கொஞ்சம் தெம்பு வந்தது பொய்யில்லை. விரல் மட்டும் இறுகிக்கொண்டே போனது. கத்தரிக்கோலுக்குள் கட்டைவிரலை நுழைக்கவே பாடாக இருந்தது.

ஒரு தடவை அக்காவுக்கு மூட்டு வலி திரும்பிவிட்டது. நடக்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்: "ஸ்டீராய்டை நல்லா ஏத்திட்டார். ஏத்தறதுக்கு முன்னாடி என்னமோ ரொம்ப யோசிச்சார். தோல் எங்கயாச்சும் இறுகுதான்னு கேட்டார். நான் முழிச்சேன். என் விரலைப் பிடிச்சுக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். மெத்துன்னு இருக்கு, பயமில்ல, தைரியமா ஏத்தலாம்னுட்டு எழுதினார்."

நான் என் விரலைப் பார்த்தேன். கிள்ளிப் பார்த்தேன். தோல் பிடிபடவே இல்லை.

"அக்கா, எனக்கு இறுகுதே" என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தாள். இந்த வீட்டில் எது வந்தாலும் அவரைத்தானே பார்ப்போம்.

"உனக்குக் குளிர் அறையில வேலை. தண்ணியில ஊறி ஊறி அப்படி இருக்கு" என்றார் அத்தான். "ஆன்டிபாடி ஒண்ணுதானேம்மா? அவளுக்கு ஏத்தினா உனக்கும் ஏத்தணும். இல்லேன்னா உனக்கு வியாதி முத்திடும்."

"இறுகினா குடுக்கக் கூடாதுன்னுதானே அவர் தொட்டுப் பார்த்திருக்கார்?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். இன்றைக்கும் எனக்கு அந்த ஒரு ஆறுதல்.

"நீ என்ன டாக்டரா?" என்றார் அரை டாக்டர்.

அக்கா என் மாத்திரைகளை எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்தாள். தண்ணீரும் ஊற்றி வைத்தாள்.

சில வாரங்கள் போயின. தலைவலி ஆரம்பித்தது, மண்டை பிளந்துவிடும்போல. அத்தான் வலி மாத்திரை கொடுத்தார். பிறகு கண் மங்கியது. யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று ஆளுயர மலர்வளையம் கேட்டிருந்தார்கள். வெள்ளைப் பூக்களைச் செருகிக்கொண்டிருந்தேன். வெள்ளை எது, பச்சை எது என்று தெரியவில்லை. கம்பி என் கையிலேயே குத்தியதை முதலாளியம்மா சொல்லித்தான் பார்த்தேன். அவ்வளவுதான் ஞாபகம். வாளியோடு விழுந்தேனாம்.

கண் விழித்தபோது அவசரப் பிரிவில் கட்டில். கையை ஏதோ இறுக்கிக்கொண்டிருந்தது. பிரஷர் எங்கேயோ போய் நிற்கிறது, சிறுநீர் இறங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு இளம் டாக்டர் அத்தானிடம், "இவங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் அத்தான்.

என் காதில் விழுந்தது. நான் சொல்ல முயன்றேன். உதடு அசைந்ததே ஒழிய குரல் எழும்பவில்லை. ஊசி, குப்பி, தெரிந்த மருந்துக் கடைக்காரன், எல்லாம் அந்த நேரத்தில் அவர் கண்முன் வந்திருக்கும். வேலை போய்விடும் என்ற பயம். நான் போனால் பரவாயில்லையாக்கும்! பக்கத்தில் அக்கா, அத்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த டாக்டர் போய்விட்டார்.

அவர் திரும்பி வர வெகுநேரமாயிற்று. கையில் என்னுடைய ரத்த ரிசல்ட். "இவங்க விரல் இப்படி இருக்கு, உண்மையிலேயே ஒரு மருந்தும் சாப்பிடலையா? இது ரொம்ப முக்கியம்" என்று மறுபடி கேட்டார். அத்தான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "என்னோடது. இவளும் இதைத்தான் சாப்பிட்டா" என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் போன நேரத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

மூட்டு டாக்டர் மறுநாள் என் கட்டிலுக்கு வந்தார். எவ்வளவு ஒத்திகை பார்த்திருப்போம் அவருக்காக! முதல் தடவையாக இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன். சின்ன உருவம், சோர்ந்த கண். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையைத் தூக்கி விரலைப் புரட்டிப் பார்த்தார்.

"வெளுத்து, நீலமாகி, சிவக்கறது... அது இந்த விரல்தானா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆன்டிபாடி ஒண்ணுதாம்மா. ஆனா ஒவ்வொரு உடம்புல அது ஒவ்வொரு வேலை காட்டும். உங்க அக்காவுக்கு மூட்டுல, முகத்துல. உங்களுக்குத் தோல்ல, உணவுக்குழாய்ல, ரத்தக்குழாய்ல. சிலருக்கு எல்லாம் ஒரே உடம்புல கலந்து வரும். உங்க அக்கா அப்படித்தான்னு நம்பிட்டிருந்தேன். சிலருக்கு முதல்ல ஒண்ணா ஆரம்பிச்சு, வருஷம் போகப் போக இன்னொண்ணும் சேர்ந்துக்கும். தோல் இறுகற ஆளுக்கு இவ்வளவு ஸ்டீராய்டு குடுத்தா சில பேருக்கு கிட்னி அடி வாங்கிடும். அதனாலதான் ஏத்தறதுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்தேன்." அக்காவின் பக்கம் திரும்பினார். "ரிசல்ட்டைப் பார்க்காதே, ஆளைப் பாருன்னு பசங்களுக்கு மூச்சு முட்டச் சொல்லிக் குடுக்கறேன். ஆளையே மாத்திக் காட்டுவாங்கன்னு நான் நினைக்கலம்மா."

அவர் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

கிட்னி சிலருக்குத் திரும்பி வருமாம். பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு வரவில்லை. இப்போது வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் அறையில் போகிறது. கையில் ஊசி, பக்கத்தில் மிஷின், எதிரே ஓயாமல் ஓடுகிற டிவி. முதலாளியம்மா ஒரு தடவை பார்க்க வந்தாள், ஒரு பூங்கொத்தோடு. யார் கட்டியதோ, கம்பி வெளியே தெரிந்தது. "உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன கிழிக்கப் போகிறேன், இந்த விரலை வைத்துக்கொண்டு?

அத்தான் கொஞ்ச நாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் டிவியைப் பார்த்துக்கொண்டே தானாகச் சொன்னார்: "ரிசல்ட் ஒண்ணும் தப்பு இல்லையே. ஆன்டிபாடி ஒண்ணுதானே இருந்துச்சு."

என் கையில் இருந்தது கண்ணாடி டம்ளர். அவர் மேல்தான் வீசினேன். குறி தப்பிச் சுவரில் பட்டது. வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அக்கம்பக்கத்துக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். "நாசமா போங்க" என்றுகூடச் சொன்னேன், சொன்னதற்கு வருத்தமில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். அக்கா துடைப்பத்தை எடுத்துவந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள். எனக்காகவும் பேசவில்லை, அவருக்காகவும் பேசவில்லை. பெருக்கினாள்.

இவ்வளவுக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். வேறு எங்கே போவது? சொல்லுங்கள்.

அப்படி இருக்கையில்தான் அக்கா கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்திருந்தாள். இளைத்துவிட்டதால் நழுவுகிறது என்றாள். சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தாள். எனக்கா தெரியாது? ஆனாலும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவளே சொல்லட்டும், ஒரு தடவையாவது அவளுடையதை அவளே சொல்லட்டும்.

டயாலிசிஸ் அறைக்கு என்னைக் கூட்டிப்போனவள் ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நர்ஸ் நகரும்வரை காத்திருந்தாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். விரல் ஐந்தும் தடித்துப் போயிருந்தன. மேல்தோல் மினுங்கியது. ஏசிக் குளிரில் இரண்டு விரல் என் கண்முன்னாலேயே வெளுத்தன.

"எத்தனை நாளா?" என்றேன்.

"கொஞ்ச நாளா."

"டாக்டர் என்ன சொன்னார்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் வெளியே வந்தது. அன்றைக்கு என் கட்டிலருகே பார்த்ததற்குப் பிறகு அவள் அந்த டாக்டரிடம் போகவே இல்லை. கூப்பிட்டு அனுப்பியும் போகவில்லை. அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று வெட்கம். அத்தான்தான் பழைய மாத்திரையையே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதே அளவு. கிள்ளிப் பார்த்துவிட்டு, மெத்தென்று இருக்கிறது என்று எழுதிய அதே அளவு.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? தலை வலிக்குதா? கண் மங்குதா?"

"இல்ல. இன்னும் இல்ல." என் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "குட்டி, உன்னை அவர் மாசாமாசம் பார்க்கறார்ல? அடுத்த தடவை போறப்ப... உனக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லி, என்ன பண்றதுன்னு கேட்டுட்டு வாயேன்."

மிஷின் ஏதோ கத்தியது, நர்ஸ் வந்து தட்டிவிட்டுப் போனாள்.

"எழுந்து போ" என்றேன். "இந்த இடத்தை விட்டுப் போ."

அவள் போகவில்லை. அழுதுகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் கையில் ஊசியோடு எங்கே எழுந்து போவது? ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறவரை அவள் அழுததைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நல்லா வேணும் என்று நினைத்தேன். உனக்கும் வரட்டும், இதே நாற்காலியில் பக்கத்தில் உட்காரு என்று நினைத்தேன். நினைத்தேன், மறைக்க மாட்டேன். போதாக்குறைக்கு அவள் உடம்பில் இப்போதுதான் உண்மையாக அந்த இரண்டு வியாதியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. கைதட்ட ஒரு மாணவனும் இல்லை.

ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டதும் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல் மடங்காது, ஆனாலும் விடவில்லை. மாடியில்தான் அந்த டாக்டரின் அறை. லிஃப்டில் அவள் "வேண்டாம்டி, இன்னொரு நாள், அவர்கிட்ட சொல்லிட்டு..." என்றாள். "எவர்கிட்ட?" என்றேன். வாசலில் சீட்டுக் கொடுக்கிறவள் முறை இல்லை என்றாள். "முறை எல்லாம் எங்களுக்குத் தெரியும், அதுலதான் எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு" என்று கத்தினேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரே கதவைத் திறந்தார்.

அக்காவை உள்ளே தள்ளி, அவள் கையை அவர் மேஜை மேல் வைத்தேன். "இது இவளோடது. நான் சொல்ல மாட்டேன். அவளே சொல்லட்டும்" என்றேன்.

அக்கா சொன்னாள். நீலத்தை விட்டுவிட்டாள். சிவப்பை முதலில் சொன்னாள். திக்கித் திணறி, எங்கெங்கோ கை வைத்துக் காட்டி, அழுது, ஒன்றுமே கோர்வையாக வரவில்லை. டாக்டர் குறுக்கே பேசவில்லை. விரல், முழங்கை, வாயைச் சுற்றி எல்லாம் தொட்டுப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், இரண்டு கையிலும் பார்த்தார். ஸ்டீராய்டு எவ்வளவு என்று கேட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நீங்களா டக்குன்னு நிறுத்திடக் கூடாது, நான் சொல்றபடி படிப்படியா குறைக்கணும். கிட்னி எப்படி இருக்குன்னு இன்னைக்கே ரத்தம் பார்த்துடலாம். பிரஷர் இன்னும் ஏறலை. நல்லவேளை, சீக்கிரமே வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..."

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தவர் நிறுத்திக்கொண்டார். குனிந்து எழுத ஆரம்பித்தார்.

சீக்கிரமே வந்துவிட்டாளாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் பிழைத்துக்கொள்வாள் என்ற சந்தோஷமும் அதோடு சேர்ந்துதான் வந்தது, அதையும் என்னால் தள்ள முடியவில்லை.

ரத்தம் எடுக்கிற அறையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்த பெண் குப்பியில் பெயர் ஒட்டுவதற்காகப் பெயரைக் கேட்டாள். அக்கா தன் பெயரைச் சொன்னாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, "என்னை மன்னிச்சுட்டியா, குட்டி?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பெண் ஊசியோடு காத்திருந்தாள். அக்காவின் தடித்த விரலுக்குச் சட்டைக் கையின் பொத்தான் பிடிபடவில்லை. என் விரலுக்கும்தான் பிடிபடவில்லை. குனிந்து பல்லால் கடித்துக் கழற்றிவிட்டேன்.